நூல் அறுந்தால் பட்டம் ஏன் மேலே போவதில்லை?

2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பக்கம் எடுத்த கைப்பேசி வீடியோ ஒன்று உலகம் முழுக்கச் சுற்றியது. ஆறு பேர் தடித்த கயிற்றைப் பிடித்துப் பெரிய பட்டமொன்றை ஏற்றுகிறார்கள். பட்டம் எழும்ப எழும்ப ஒவ்வொருவராகக் கையை விடுகிறார்கள். ஓர் இளைஞர் மட்டும் விடவில்லை. அடுத்த கணம் அவருடைய கால் நிலத்தில் இல்லை. 30, 40 அடி உயரத்தில் கயிற்றோடு தொங்குகிறார். கீழே நிற்பவர்கள் கத்துகிறார்கள். கடைசியில் கயிற்றை விட்டு விழுந்தார். நல்ல காலம், சிறு காயங்களோடு தப்பிவிட்டார்.

பார்த்தவர்கள் சிரித்தார்கள், பயந்தார்கள், மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். விசைச் சமநிலைக்கு இதைவிட நல்ல பாடம் வடமராட்சியில் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

விளங்குவதற்காக நாமே எண்களை வைத்துக் கணக்குப் போடுவோம். ஆளுக்கு 60 கிலோகிராம் திணிவு என்றால் நிறை ஏறத்தாழ 600 நியூட்டன். பட்டம் கயிற்றை மேல்நோக்கி 1,200 நியூட்டன் விசையோடு இழுக்கிறது என்று வையுங்கள். ஆறு பேரும் பிடித்திருக்கையில் ஆளுக்கு 200 நியூட்டன்தான் வருகிறது. மிச்ச 400ஐ நிலம் தாங்குகிறது. மேல்நோக்கி 200உம் 400உம், கீழ்நோக்கி 600. விளையுள் விசை பூச்சியம். மூன்று பேர் கையை விட்டால் மற்ற மூவருக்கும் ஆளுக்கு 400. நிலம் தாங்குவது 200 ஆகக் குறைகிறது. கால் இலேசானது போலிருக்கும், அவ்வளவுதான். இரண்டு பேராகும்போது நிலத்துக்கு வேலையே இல்லை. அந்த இருவரில் ஒருவரும் விட்டுவிட, எஞ்சியவர் மீது மேல்நோக்கி 1,200, கீழ்நோக்கி 600. மிஞ்சிய 600 நியூட்டன்தான் அவரை மேலே ஆர்முடுக வைக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது நிலத்தின் குணம். பாரம் கூடினால் கூடத் தாங்கும், குறைந்தால் குறையத் தாங்கும். ஆனால் மேலே போகிறவனைக் கீழே இழுத்துப் பிடிக்க அதனால் முடியாது. அதனால்தான் ஐந்தாவது ஆள் கையை விடும்வரை அந்த இளைஞருக்கு ஆபத்துப் பெரிதாகத் தெரிந்திருக்காது.

எங்கள் வகுப்பறைகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் மேசையும் அதன் மேல் ஒரு பெட்டியுமாகத்தான் தொடங்குகிறது. கீழே ஓர் அம்புக்குறி, மேலே ஓர் அம்புக்குறி, நடுவே அசையாத பெட்டி. அசையாத பொருளில் விசையே இல்லை என்ற எண்ணத்தை இந்தப் படம் பிள்ளையின் மனதிலிருந்து கலைப்பதில்லை, இன்னும் உறுதியாக்குகிறது. மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும்போது யன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். உயரத்தில் அசையாமல் நிற்கும் கொக்குப் பட்டத்தின் நூலைத் தொட்டுப் பாருங்கள். விரலை அறுக்கிற மாதிரி விறைத்து நிற்கும்.

அந்தப் பட்டத்தைக் காற்று மேலே தூக்குகிறது, பின்னே தள்ளுகிறது. அதன் நிறை கீழே இழுக்கிறது. நூலின் இழுவை கீழேயும் ஏற்றுகிறவர் நிற்கும் பக்கமாகவும் இழுக்கிறது. எல்லாம் ஒன்றையொன்று ஈடுசெய்வதால் பட்டம் நிற்கிறது. நூலை விட்டுக்கொடுக்க அது ஒரே கதியில் நேராக மேலேறினாலும் விளையுள் பூச்சியம்தான். 1687இல் நியூட்டன் எழுதிய முதலாம் விதி ஓய்வையும் சீரான நேர்கோட்டு இயக்கத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் இது இலேசில் ஏறாது. ஓடுகிற பொருளை ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் மனம் சொல்லும்.

இனித்தான் தலைப்பிலுள்ள கேள்வி. நூல் பட்டத்தைக் கீழே இழுக்கிறது என்றோமே. அப்படியானால் அது அறுந்தால் பட்டம் மேலேதானே போகவேண்டும்?

முதற் கணத்தில் அப்படித்தான். சமப்படாத விசை பட்டத்தை மேலேயும் பின்னேயும் தள்ளுகிறது. ஆனால் பின்னே போகப்போக அது காற்றோடு சேர்ந்து ஓடத் தொடங்குகிறது. காற்று மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வீச, பட்டமும் அதே 30இல் ஓடினால் பட்டத்தைப் பொறுத்தவரை காற்றே வீசவில்லை. தூக்குகிற விசை போய்விட்டது, நிறை மட்டும் மிஞ்சுகிறது. போதாததற்கு, பட்டத்தோடு நூலை இணைக்கும் முச்சை பிடித்துவைத்திருந்த சாய்வும் குலைந்துவிடும். பட்டம் புரண்டு புரண்டு அடுத்த வளவுப் பனையில் போய் மாட்டும். காற்றோடு போகவிடாமல் பட்டத்தைத் தடுப்பது நூல். அந்தத் தடைதான் காற்றுக்குத் தூக்க வழி கொடுக்கிறது. முச்சையை ஒரு விரலளவு மேலே கீழே மாற்றிக் கட்டினால் பட்டம் குத்துவதும், வாலில் இன்னொரு துண்டுத் துணி முடிந்தால் சுற்றாமல் நிற்பதும் ஊர்ப் பெடியளுக்கு அத்துப்படி. அவர்கள் விசைகளின் கோணத்தைத்தான் திருத்துகிறார்கள். பரீட்சைத் தாளில் அதே கேள்வி வந்தால் அடையாளம் தெரிவதில்லை.

பட்டத்தில் ஆள் ஏறுவது புதிதல்ல. 1894 நவம்பர் 12ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் ஸ்ரான்வெல் பார்க் கடற்கரையில் லோரன்ஸ் ஹார்கிரேவ் நான்கு பெட்டிப் பட்டங்களைத் தொடுத்து, அவற்றில் தொங்கிய இருக்கையில் அமர்ந்து 16 அடி உயர்ந்தார். பத்திரமாகவே இறங்கினார். கயிற்றின் நுனியை மண்மூட்டைகளில் கட்டியிருந்தார் என்பதுதான் முக்கியம். தான் சுமையாகப் போகிறோம், நங்கூரமாக அல்ல என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பருத்தித்துறையில் நங்கூரமாக நின்றவர் யோசிக்க நேரமில்லாமல் சுமையாகிவிட்டார்.

தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு இப்போது பெட்டி வடிவிலும் விதவிதமான முப்பரிமாண உருவங்களிலும் பட்டங்கள் வருகின்றன. சிலவற்றை ஏற்றப் பலர் சேர்ந்து இழுக்க வேண்டியிருக்கிறது. ஊரில், காற்றில் ஒலிக்கும் விண் பூட்டிய பட்டத்தை இரவில் மரத்தில் கட்டிவிட்டுப் படுக்கப் போவார்கள். விடிய விடிய விண் கூவும். மரத்தை நிலத்துக்குள் வேர் பிடித்து வைத்திருக்கிறது. மேல்நோக்கிய இழுவையை மனிதக் கால் தாங்காது, வேர் தாங்கும்.

ஆசிரியர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். ஆய்வுகூடத்து விற்றராசை மைதானத்துக்குக் கொண்டுபோய் ஒரு சிறிய எட்டுமூலைப் பட்டத்தின் நூலில் கொளுவிவிடுங்கள். மாணவர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் வாசிப்பைக் குறிக்கட்டும். பிறகு பிடித்திருப்பவரைப் பட்டத்தை நோக்கி ஓடச் சொல்லுங்கள். வாசிப்பு குறையும், பட்டமும் தாழும். எதிர்ப்பக்கம் ஓடச் சொன்னால் இரண்டும் ஏறும். ஏன் என்ற கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.