பேர் நின்ற பிறகு

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து வளைந்து வளைந்து செல்லும் பாதையில், ஒரு புறம் தேயிலையும் மறுபுறம் கரட், லீக்ஸ், கோவாப் பாத்திகளும் மாறி மாறி வர, மூடுபனி சற்றே விலகும் ஓரிடத்தில் சட்டென்று கடைத்தெருவாக விரிகிற ஊர் ராகலை. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இவ்வூர் வரை ஒரு காலத்தில் குறும்பாதை ரயில் ஒன்று ஓடியது. அது நின்றுபோய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. தேயிலைப் பெட்டிகளை மலையிலிருந்து இறக்குவதற்கு அத்தனை சிரமம் எடுத்துக்கொண்ட காலத்தில், அத்தேயிலையைப் பறித்தவர்கள் வயோதிகத்தில் எப்படி மலை இறங்குவார்கள் என்ற யோசனை யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

இவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் ஒருவருக்கு முதுமை வந்துவிட்டது என்பதைப் பஞ்சாங்கம் சொல்வதற்கு முன்பே தொழிலாளர் பெயர்ப் பட்டியலான செக்ரோல் சொல்லிவிடுகிறது. காலைப் பெரட்டில் நின்று, கணக்கப்பிள்ளையிடம் பேர் போட்டு, மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்து, குறை விழுந்தால் அரைநாட் கூலியான அரைப் பேரோடு திரும்பி, இப்படியே நாற்பது ஆண்டுகளைக் கழித்துவிட்ட ஒரு ஸ்திரீயின் பெயர் அப்பட்டியலிலிருந்து எடுக்கப்படும் நாளில், அவளுடைய நாட்கூலி மட்டும் நிற்பதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரி, குடியிருக்கும் லயத்துக் காம்பரா, கடையில் கடன் கொடுக்கும் நம்பிக்கை ஆகிய அனைத்தும் அதுவரை அந்த ஒரு பெயரைப் பற்றிக்கொண்டே நின்றவை. மலையகத்தில் முதியோரின் தேகாரோக்கியத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் சீனி வியாதியிலிருந்தும் இரத்த அழுத்தத்திலிருந்தும் தொடங்குவது வழக்கம். செக்ரோலிலிருந்து தொடங்குவதே முறை என்பது என் அபிப்பிராயம்.

தோட்டத்து வைத்தியம் என்பதே உழைக்கும் கைகளைப் பாதுகாக்கவென்று பிறந்ததுதான். 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டச் சொந்தக்காரர்களின் மீது சில கடமைகளைச் சுமத்தியது; 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப் புழுவை ஒழிக்க இலங்கைத் தோட்டங்களுக்கு வந்தனர்; பிற்காலத்தில் பிரசவ விடுதிகளும் பிள்ளைக் காம்பராக்களும் எழுந்தன. இவற்றால் விளைந்த நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கொள்ளை நோயில் மாண்டவர்களின் சந்ததியார் பிழைத்தெழுந்ததும், குழந்தை மரணம் குறைந்ததும் அற்ப காரியங்கள் அல்ல. ஆயினும், இரத்தம் குறைந்த தொழிலாளி மலையேற மாட்டான் என்ற கணக்கும் அக்கருணையோடு கலந்தே இருந்தது. மலையேறி முடித்துவிட்டவனுக்கு அக்கணக்கில் இடம் ஏது? 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசாங்கம் பொறுப்பேற்றுக்கொண்ட பின்பும், பெரும்பாலான டிஸ்பென்சரிகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருக்கின்றன. அங்கே வேலைக்கு வர முடியாமற்போன காய்ச்சலுக்கு உடனே மருந்து கிடைக்கும், ஆயுள் முழுதும் தொடரும் வியாதிக்குத் தொடர்ச்சியான கவனிப்பு கிடைப்பது அரிது.

இன்று எழுபதைத் தாண்டி நிற்கும் ஒரு மலையகத் தமிழரின் பிராயத்தை நினைத்துப் பார்க்கலாம். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவர்களாக்கிய சில ஆண்டுகளுக்குள் அவர் பிறந்திருப்பார். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டபோது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார், அல்லது இருந்திருக்க வேண்டியவராய்ப் பிள்ளைக் காம்பராவில் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களைப் பஞ்சம் பிடித்து உலுக்கியபோது வளரும் பருவத்தில், அல்லது முதற் பிள்ளையைச் சுமக்கும் பருவத்தில், மரவள்ளிக்கும் கீரைக்கும் அலைந்திருப்பார். கூடப் பிறந்தவர்களில் சிலர் நீலகிரிக்குப் போய்க் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் தேயிலையையே பறித்தார்கள். தமிழ்நாட்டரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் அத்தகையோருக்காகவே ஏற்பட்டவை. பிரஜாவுரிமைப் பிரச்சினையை முற்றாகத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரவேண்டியதாயிற்று. அதற்குள் இவர் ஐம்பதை எட்டியிருப்பார்.

இச்சரித்திரத்தை வைத்தியக் கட்டுரையில் சொல்வானேன் என்று வாசகர் கேட்கலாம். கர்ப்பத்தில் பட்ட பசி பிற்கால வயதில் இருதய நோயாகவும் சீனி வியாதியாகவும் தலைகாட்டும் என்பதை இங்கிலாந்தின் டேவிட் பார்க்கர் 1980களின் இறுதியிலிருந்தே எடுத்துரைத்து வந்தார்; இடையறாத ஒதுக்கலும் வறுமையும் தேகத்தை வயதுக்கு முன்பே மூப்படையச் செய்கின்றன என்ற கருத்தை, அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரை ஆராய்ந்த ஆர்லின் ஜெரோனிமஸ் என்னும் அம்மையார் 1992இல் வெளியிட்டார். ராகலைக்கும் அமெரிக்காவுக்கும் கடல்கள் பல உண்டு. ஆனால் ஐம்பத்தைந்து வயதில் எழுபது வயதின் முழங்காலோடு மலையிறங்கும் ஒரு ஸ்திரீயைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வு அந்நியமாகத் தோன்றாது. அப்பசி அடுத்த தலைமுறையோடு நின்றுவிட்டதாகவும் சொல்ல இயலாது: 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நாடு முழுவதும் 17.3 சதவீதமாக இருக்க, தோட்டத்துறையில் 31.7 சதவீதமாக இருந்தனர். அக்குழந்தைகளும் ஒருநாள் முதியவர்களாவார்கள்.

தொழிலே கொடுக்கும் வியாதிகள் தனி. பதினெட்டு கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து நிறைந்த கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுத்த, ஈரப் படங்கைச் சுற்றிக்கொண்டு சரிவில் நின்ற முதுகும் முழங்காலும், வேலை ஓய்ந்த பிறகு ஓய்வதில்லை. சமையல் புகை போக வழியில்லாத காம்பராவில் விறகடுப்பின் முன் கழித்த ஆண்டுகள் நெஞ்சுச் சளியாகவும் இழுப்பாகவும் மிஞ்சுகின்றன. இனி வெற்றிலை. குளிருக்கும் பசிக்கும் அலுப்புக்கும் அதுவே கைகண்ட ஔஷதமாயிருந்தது; புகையிலை சேராவிட்டாலும் பாக்கோடு போடும் வெற்றிலை புற்றுநோயை விளைவிக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றே புற்றுநோய்களுள் முதலிடம் வகிக்கிறது. உதட்டோரத்தில் ஆறாத புண்ணைக் கண்டு தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா மஹரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போகச் சொன்னால், அது ராகலைக்காரர் ஒருவருக்கு ஒரு முழு நாள் பிரயாணம், கூடவே வரும் மகனுக்கு ஒரு நாட்கூலி நஷ்டம். வலி இல்லாத புண்ணுக்கு இவ்வளவு செலவா என்று அந்த மகன் கேட்காவிட்டாலும், அந்தத் தகப்பனே கேட்டுவிடுவார்.

கிளினிக் நாளன்று அரசாங்க வைத்தியசாலையின் வாங்குகளில் விடியுமுன்பே இடம் பிடித்துவிடுகிறார்கள். கிளினிக் கொப்பி, பழைய மருந்துறைகள், ஒரு வெறும் போத்தல் எல்லாம் ஒரு சொப்பிங் பையில். இரத்தத்தில் சீனி பார்க்க வேண்டுமென்று இரவு முதல் ஒன்றும் உண்ணாமல் முதல் பஸ்ஸில் வந்தவர்கள், பகல் ஏறிய பின்பே ஒரு சாயத்தண்ணி குடிக்கிறார்கள். மருந்துறையின் மீது எழுதப்பட்டிருப்பது அநேகமாகச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அதை வாசிக்க இயலாத மூதாட்டி தன் வியாதிகளை வர்ணத்தால் வகுத்து வைத்திருக்கிறாள். வெள்ளை வட்டம் காலையில், ரோசா நிறம் இராத்திரியில், பாதியாய் உடைத்தது எப்போதாவது தலை சுற்றினால். 2022இல் நாடு வங்குரோத்தாகி மருந்துகள் அற்றுப்போனபோதும், பின்னர் வேறு கம்பெனி மாத்திரைகள் வேறு நிறத்தில் வந்தபோதும், அவளுடைய இந்தச் சாஸ்திரம் முழுவதும் குலைந்துபோயிற்று. தவறு யாருடையது என்று விசாரித்தால் மருந்தாளரும் சொல்ல மாட்டார். அவர் முன்னே நீண்ட வரிசை நிற்கிறது.

வைத்தியரிடம் பேசுவதற்குப் பேரனோ பேத்தியோ கூட வருவதுண்டு. பள்ளிக்கூடத்தில் சிங்களம் கற்ற பிள்ளை அது. "அம்மாயி, நெஞ்சு வலிக்குதா, மூச்சு முட்டுதான்னு டொக்டர் கேக்குறாரு" என்று அவன் கேட்க, "மூச்சுத்தான் முட்டுதுன்னு சொல்லு தம்பி" என்று அவள் சொல்ல, காரியம் ஒருவாறு நடக்கிறது. ஆனால், பிரசவத்துக்குப் பின் போதிய ஓய்வின்றி மீண்டும் மலையேறியதால் கர்ப்பப்பை இறங்கி, அதை இருபது ஆண்டுகளாகத் துணியால் தாங்கிக்கொண்டு திரியும் ஒருத்தி, அதைப் பதினாறு வயதுப் பேரனின் வாயால் எப்படிச் சொல்லுவாள்? சொல்ல மாட்டாள். அவ்வியாதி கிளினிக் கொப்பியில் ஏறாது. கொப்பியில் ஏறாதது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. தமிழ் தெரிந்த ஒரு தாதி, ஒரு மிஸ்ஸி, அந்த அறையில் இருந்தால் போதும், இதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை.

பணத்தின் கதை இதைவிடச் சிக்கலானது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் சம்பளத்தில் 8 சதவீதமும் நிர்வாகத்தின் பங்காக 12 சதவீதமும் சேர்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைப் பெறலாம். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் வேலை செய்த நாட்கூலிக்காரருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் சேவைக்காலப் பணமாகச் சேரவேண்டும். ஏட்டில் இது கௌரவமான ஏற்பாடு. நடைமுறையிலோ, செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமாய், பிறப்புச் சான்றிதழே இல்லை, சேமலாப நிதிப் பதிவான பி கார்டில் தகப்பன் பெயர் வேறு என்றாகி, ஒரு கிளாக்கர் அரை நூற்றாண்டுக்கு முன் அசட்டையாக எழுதிய ஓரெழுத்துக்காக, கிராம சேவகரிடமும் சமாதான நீதவானிடமும் சத்தியக் கடதாசி எழுதி வாங்கிக்கொண்டு, தடியூன்றி நடக்கும் பிராயத்தில் வலப்பனைக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் ஏறவேண்டியிருக்கிறது. தோட்டங்கள் சில கட்டவேண்டிய தவணையையே கட்டாமல் நிலுவை வைத்ததும் பகிரங்க இரகசியம். கடைசியில் கைக்கு வரும் தொகை, மகளின் கலியாணக் கடனுக்கோ, மகனை வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்கோ, கூரைத் தகரத்துக்கோ போய்விடுகிறது. மருந்துக்கென்று அதில் ஒதுக்கியவரை நான் கண்டதில்லை.

அரசாங்கம் வறிய முதியோருக்குத் தரும் மாதாந்தக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்ந்தது. நல்ல காரியம். எனினும் அதற்குத் தகுதி 70 வயது. சேமலாப நிதி கரைந்து முடியும் ஐம்பதுகளுக்கும் இந்த எழுபதுக்கும் இடையில் கிடக்கும் ஆண்டுகளை எவ்வாறு கடப்பது என்பதற்கு ராகலை, கந்தப்பளைப் பக்கத்து மரக்கறித் தோட்டங்களே விடை. பேர் நின்ற கிழவர்கள் அங்கே கிழங்கு தோண்டுகிறார்கள், களை பிடுங்குகிறார்கள், முகமூடியின்றிப் பூச்சிமருந்தும் அடிக்கிறார்கள். சிலர் பழைய தோட்டத்துக்கே கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். அதே மலை, அதே கொழுந்து, சேமலாப நிதி மட்டும் இல்லை. கூலியின்றிச் செய்யும் வேலை இன்னொன்று உண்டு: மகளோ மருமகளோ குவைத்திலோ கொழும்பிலோ பிறர் வீட்டில் பணிசெய்ய, பேரப்பிள்ளைகளை வளர்ப்பது. பிள்ளைக்கு முட்டை இருந்தால் கிழவிக்குச் சம்பலும் ரொட்டியும் என்பது எழுதப்படாத பங்கீடு. மாவும் சீனியும் உப்பும் மிகுந்த அவ்வுணவைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொல்லும் உபதேசம், வேறு என்ன உண்பது என்பதைச் சொல்லுவதில்லை.

இதற்கெல்லாம் புதிதாக ஒரு மகாஸ்தாபனத்தை எழுப்ப வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். கர்ப்பிணியைத் தேடி லயத்துப் படியேறி வரும் குடும்ப நல உத்தியோகத்தர் இந்நாட்டின் பெருமை. அவர் நடந்த அதே பாதையில், பிரஷர் பார்க்கும் கருவியோடும் மாத்திரைப் பொதியோடும் மாதம் ஒருமுறை வேறொருவர் நடந்தால், முழங்கால் வலியோடு ராகலைக்கு இறங்கி ஏறும் பாதிப் பிரயாணங்கள் மிச்சமாகும். 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. அறுபது நிறைந்தவர்க்கு முதியோர் அடையாள அட்டையும் கிடைக்கிறது. அவ்வட்டை பஸ்ஸில் இடம் தருவதோடு நிற்காமல், பேர் நின்றவரையும் தோட்டத்து டிஸ்பென்சரியில் உரிமையோடு உட்காரவைக்க வேண்டும்.

வீடமைப்புக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலிருந்து சிறு காணியில் தனி வீட்டுக்குக் குடும்பங்கள் மெல்ல மெல்ல மாறி வருகின்றன. இன்னும் லயத்தில் இருப்போரில், இரவு இரண்டு மணிக்கு மழையில் வெளிக் கக்கூசுக்குப் படியிறங்கி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எழுந்து நடப்பது அபூர்வம். புது வீட்டு வரைபடத்தில் கக்கூஸ் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். பழைய லயங்களில், அதுவரையிலும், படியோரத்தில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பியும் ஒரு பல்பும் போட எவ்வளவு செலவாகும் என்பதைத் தோட்டத்து நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு முறையாவது கணக்குப் பார்க்கலாம்.