சர்வருக்கு உங்களை எப்படித் தெரியும்?

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டு எனும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. மலைத் தோட்டங்களின் ஏலக்காய் அங்கே விலைபோகிறது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் புற்றடியிலும் அப்படி ஒரு மையம் உண்டு. 2021இல் இரண்டு ஊர் வியாபாரிகளும் இணையம் வழியே ஒரே ஏலத்தில் விலை கேட்க வழி பிறந்தது.

அன்றாட ஏலக்காய் விலையைக் காட்ட நீங்களே ஒரு இணையதளம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மலையில் தமிழும் பேசுவார்கள், மலையாளமும் பேசுவார்கள். அதனால் இரண்டு மொழிக்கும் பொத்தான் வைக்கிறீர்கள். ஒருவர் ‘தமிழ்’ என்று அழுத்துகிறார். ஆனால், அடுத்த பக்கம் போனதுமே, பக்கங்களை அனுப்பும் கணினியான சர்வர் மறுபடி ‘எந்த மொழி?’ என்று கேட்கிறது! காரணம், எச்டிடிபி என்ற இணைய விதிமுறைக்கு நினைவே கிடையாது. வருகிற ஒவ்வொரு வேண்டுகோளும் அதற்குப் புதிது.

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மாண்டுல்லி இதற்கு அழகான வழி கண்டார். நினைவில் வைக்கும் வேலையை பிரவுசரிடம் கொடுத்தார். அதுதான் குக்கி.

பிஎச்பி என்ற நிரல்மொழியில் ‘செட்குக்கி’ என்று ஒரு கட்டளை உண்டு. ‘மொழி = தமிழ், 30 நாள் வைத்திரு’ என்று அதில் சொல்லலாம். பக்கத்துக்கு முன்னால் போகும் தலைப்பு வரிகளோடு இது பிரவுசருக்குப் போகும். ஆகவே பக்கத்தை அனுப்பத் தொடங்கும் முன்பே கட்டளையை எழுதிவிட வேண்டும்.

பலரும் திகைக்கும் இடம் இனிமேல்தான். குக்கியை வைத்த அடுத்த வரியிலேயே அதைப் படித்தால் ஒன்றும் கிடைக்காது. ஏன்? அது இன்னும் பிரவுசருக்கே போய்ச் சேரவில்லை! பிரவுசர் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த வேண்டுகோளோடு திருப்பி அனுப்பினால்தான் சர்வர் அதைப் படிக்க முடியும்.

குக்கி பயனரின் கணினியில் இருப்பதால் அவர் அதை மாற்றிவிடலாம். கடவுச்சொல்லை அதில் எழுதவே கூடாது. யாரும் ஊகிக்க முடியாத ஒரு நீண்ட எண்ணை மட்டும் கொடுப்பதே நல்லது. ஏல மாதிரிப் பையில் லாட் எண் இருந்தால் போதும், மற்ற விவரம் பதிவேட்டில் இருக்குமே, அதுபோல இங்கே மற்ற விவரம் சர்வரில் இருக்கும். இந்த முறைக்கு ‘செஷன்’ என்று பெயர்.

அந்த எண் யார் கையில் கிடைத்தாலும் சர்வர் அவரை நீங்கள் என்றே நம்பும். எனவே பள்ளியிலோ பிரவுசிங் சென்டரிலோ வேலை முடிந்ததும் ‘வெளியேறு’ பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திருங்கள்.