வேப்பமரத்தடிக்கு எந்தப் புல் பாஸ்?

எந்த காலேஜுக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க... மெயின் கேட் பக்கம் லான் பளபளக்கும். நாம உட்கார்ந்து அரட்டை அடிக்கிற மரத்தடி மட்டும் மொட்டையா இருக்கும்! எடப்பாடி பக்கத்துக் கல்லூரி ஒன்றில், வேப்பமரத்தடி மொட்டைக்கு முடி வளர்க்க ஒரு பசங்க கூட்டம் கிளம்பியது. ஆன்லைனில் 'நிழல் புல்' விதை வாங்கினார்கள். வெட்டவே வேண்டாம், கவனிக்கவே வேண்டாம் என்கிற ரகம். டிசம்பரில் தூவினார்கள். ஜனவரியில் பச்சைப் பசேல். ஏப்ரலில் வைக்கோல்!

பாக்கெட்டில் இருந்தது ஃபெஸ்க்யூ. ஐரோப்பாவின் மரத்தடிகளில் இது சூப்பர் ஸ்டார். ஆனால் குளிர்கால ரகம். 15 முதல் 24 டிகிரி வரைதான் அதற்கு குஷி. நம்ம சேலத்து சித்திரை வெயிலோ 40-ஐத் தொட்டுப் பார்க்கும்.

இதில் ஒரு சூப்பர் கெமிஸ்ட்ரி இருக்கிறது. ஃபெஸ்க்யூ 'சி-3' வகை. சூடு ஏற ஏற, அதன் இலையில் கார்பன் டை ஆக்ஸைடைப் பிடிக்க வேண்டிய என்ஸைம், ஆக்ஸிஜனையும் சேர்த்துப் பிடித்துத் திணறும். கரும்பு, அருகம்புல் எல்லாம் 'சி-4'. இலைக்குள்ளேயே ஒரு பம்ப் வைத்து கார்பன் டை ஆக்ஸைடைத் திரட்டிக்கொள்ளும். 1966-ல் ஹேட்ச், ஸ்லாக் என்ற இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில் இந்த வழியை விளக்கியது, நம்ம ஊர் வயலில் நிற்கிற அதே கரும்பை வைத்துத்தான்! 'நெல்லும் சி-3 தானே, அது மட்டும் எப்படி?' என்று கேட்கிற முதல் பெஞ்ச் பார்ட்டிகளுக்கு... நெல் வெயில் ஊரிலேயே பிறந்து வளர்ந்தது பாஸ்.

பம்ப் ஓட கரண்ட் வேணுமே? சி-4 புல்லுக்கு அந்த கரண்ட் வெளிச்சம்தான். அதனால்தான் வெயிலில் ராஜாவாக இருக்கும் அருகு, நிழலில் வெளுத்து நூலாகிவிடும். "வேம்பு நெழல்ல அருகு நிக்காதுங்க தம்பி. மொதல்ல கீழ்க் கொப்பைக் கழிங்க, அப்பறம் புல்லைப் பத்திப் பேசலாம்" என்கிறார் தோட்டக்கார அண்ணன். தெர்மோடைனமிக்ஸ் படிக்காமலே!

ஊட்டி பொட்டானிக்கல் கார்டனில் உருண்டு விளையாடியிருப்பீர்களே, அது கிக்குயு புல். கென்யா மலைப்பக்கத்துச் சரக்கு. மலையில் ஜிலுஜிலுன்னு வளர்கிறதே என்று எடப்பாடிக்கு அள்ளிவந்தால் தாங்காது. (ஆச்சரியம் என்னன்னா, அதுவும் சி-4 தான்!)

அப்போ நமக்கு எது? செயின்ட் அகஸ்டின் அல்லது ஆக்ஸோனோபஸ். இரண்டுமே அகல இலை, வெப்ப நாட்டு ரகம், அரை நிழலைத் தாங்கும். கொடித் துண்டுகளை மழை சீசனில் அரை அடி இடைவெளியில் நட்டால் போதும். ஒட்ட வெட்டக் கூடாது, மூணு இஞ்ச் விடணும். வெளிச்சம் குறைவாகக் கிடைக்கிற புல்லுக்கு இலைதான் சோலார் பேனல். யூரியாவை அள்ளிக் கொட்டினாலும் கெடுதல்தான்.

தண்ணீர்க் கணக்கையும் போட்டுவிடுவோம். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு நாள் 5 மில்லிமீட்டர் என்று வைத்தால் சுமார் 465 லிட்டர். 20 லிட்டர் கேனில் 23! பூலாம்பட்டியில் காவிரி ஓடினாலும், ஹாஸ்டலில் பக்கெட்டுக்கு க்யூ நிற்கிறவர்களுக்கு இந்த நம்பர் உறுத்தும். நிழலில் ஆவியாவது குறையும் என்றாலும், மரத்தின் வேர் பங்கு கேட்குமே!

அந்தப் பசங்க இப்போது கொப்பு கழித்து, ஓரத்தில் மட்டும் அகஸ்டின் நட்டிருக்கிறார்கள். அடிமரத்தைச் சுற்றி நாலு அடிக்குப் புல்லே கிடையாது, வேப்பஞ்சருகுதான். அரட்டைக்கு அதுவே மெத்தை!