முற்றத்தில் எழுந்த இன்னிசை

1781ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி, இரவு 11 மணி. வியன்னா நகரிலே இளம் இசைமேதை மொஸார்ட் உறங்கச் செல்ல ஆயத்தமானார். அன்று அவருடைய பெயர்த் திருநாள். திடீரென முற்றத்திலிருந்து இன்னிசை எழுந்தது. அவர் அம்மாதம் இயற்றிய இசையையே ஆறு கலைஞர் வாசித்து நின்றனர்! அவர்கள் வறியவர்கள். இரு வாரங்களுக்கு முன், ஒரே இரவில் மூன்று இடங்களில் அவ்விசையை வாசித்துக் கூலி பெற்றவர்கள். அந்த இரவின் இன்பத்தை மொஸார்ட் தந்தைக்கு எழுதி மகிழ்ந்தார்.

இரண்டு கிளாரினெட், இரண்டு ஹோர்ன், இரண்டு பஸூன் ஆகியவையே அவர்களுடைய கருவிகள். இவற்றோடு இரண்டு ஓபோக்களுஞ் சேர்ந்தால் எண்மர் குழுவாகும். நமது நாதஸ்வரத்தின் சீவாளியைப் போலவே ஓபோவிலும் பஸூனிலும் இரட்டை நாணற்பட்டை நின்று ஒலிக்கும். 1782இல் சக்கரவர்த்தி இரண்டாம் யோசேப்பு இத்தகைய குழுவொன்றை அரண்மனையில் அமைத்தார். பிரபுக்கள் பலரும் அவரைப் பின்பற்றினர்.

விருந்து மண்டபத்திலும் பூந்தோட்டத்திலும் வாசித்தற்கு ஊதுகருவிகளே ஏற்றவை. திறந்த வெளியில் வயலினின் ஓசை தேய்ந்துவிடும். இவற்றின் ஓசையோ தெளிவாய்ச் செல்லும். இசைநாடகப் பாடல்களையும் இக்குழுவினர்க்கென மாற்றியமைத்தனர். பாடகியின் குரலை ஓபோவோ கிளாரினெட்டோ ஏற்கும். ஹோர்ன் நீண்ட சுரங்களால் நிறைவூட்டும். பஸூன் கீழ்ச்சுரங்களைத் தாங்கும். வானொலியும் இசைத்தட்டும் இல்லாத அந்நாளில், அரங்கின் பாடல்கள் இவ்வாறே முற்றங்களை எட்டின.

ஆனால் அதன் ஊதியம் யாருக்கு? 1782 ஜூலை 16ஆந் திகதி மொஸார்ட்டின் புதிய இசைநாடகம் அரங்கேறியது. நான்கு நாட்களின் பின் தந்தைக்கு எழுதிய கடிதத்தில், அதனை ஊதுகருவிகளுக்கு விரைந்து அமைக்கவேண்டும் என்றும், இன்றேல் வேறொருவர் முந்திக்கொண்டு இலாபத்தைப் பெற்றுவிடுவார் என்றும் அவர் கவலைப்பட்டார். படைத்தவனின் உரிமையைக் காக்கும் சட்டம் அங்கு அன்று இல்லை. தம் சொந்தப் படைப்புக்காக அவரே பிறரோடு ஓடவேண்டியிருந்தது!

எனினும் அவர் இக்கலையை வெறுத்தாரல்லர். 1787இல் பிராக் நகரில் அரங்கேறிய ‘டொன் ஜொவானி’யில், கதாநாயகன் உணவருந்த ஊதுகருவிக் குழுவொன்று வாசிக்கின்றது. பிறர் இசைநாடகங்கள் இரண்டின் பாடல்களை அடுத்து, மொஸார்ட்டின் ‘ஃபிகாரோ’ப் பாடலே ஒலிக்கின்றது. அது தனக்கு நன்கு தெரிந்ததே என்று வேலைக்காரன் சொல்ல, அவையில் சிரிப்பு எழும்.

அரண்மனை விருந்துகள் என்றோ முடிந்தன. அந்த ஆறு வறியவர் முற்றத்தில் வாசித்த இசையோ இன்றும் உலக அரங்குகளில் ஒலிக்கின்றது. மெல்லிசைதானே என்று அதனைத் தள்ளிவிடலாமோ?