அஞ்சாப்பு முடிஞ்சாச்சு... ஆறாப்பு எங்கே? கிராமத்து பள்ளிக்கூடங்களின் 'கிளாஸ் கணக்கு' இதுதான்!

கோவில்பட்டி:

முழு ஆண்டு பரீட்சை முடிந்தால் போதும். கோவில்பட்டி சுற்று வட்டார கிராமங்களில் டீக்கடை பெஞ்சு முதல் தீப்பெட்டி ஆபீஸ் வரை ஒரே பேச்சுதான். "அஞ்சாப்பு முடிச்சாச்சு, பிள்ளைய ஆறாப்புக்கு எங்க சேக்க?" என்பதே அது.

சில ஊர்களில் இந்த கேள்வியே வராது. உள்ளூர் பள்ளிக்கூடத்திலேயே 8-ம் வகுப்பு வரை இருக்கும். சில ஊர்களில் 5-ம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்க பஸ் ஏற வேண்டும். இன்னும் சில ஊர்களில் ஒரே காம்பவுண்டுக்குள் 2 பள்ளிக்கூடம், 2 போர்டு, 2 தலைமை ஆசிரியர்.

ஏன் இப்படி ஆளுக்கு ஒரு மாதிரி? வகுப்புகளை சேர்ப்பதும் பிரிப்பதும் எதற்காக? இதில் பிள்ளைகளுக்கு லாபமா, நஷ்டமா? அதன் விவரம் வருமாறு:-

4 வகை பள்ளிகள்

தமிழ்நாட்டில் அரசு பள்ளிகள் 4 வகை. 1 முதல் 5 வரை இருந்தால் தொடக்கப் பள்ளி. 1 முதல் 8 வரை இருந்தால் நடுநிலைப் பள்ளி. 6 முதல் 10 வரை உயர்நிலைப் பள்ளி. 6 முதல் 12 வரை மேல்நிலைப் பள்ளி. பிளஸ்-2 முறை 1978-ல் வந்த பிறகு இந்த 4 அடுக்கு நிலைத்து விட்டது.

கிராமத்து தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் போர்டில் 'ஊராட்சி ஒன்றிய' என்று இருக்கும். முன்பு இந்த பள்ளிகளை பஞ்சாயத்து யூனியன்களே நடத்தி வந்தன. 1981-ம் ஆண்டு ஜூன் 1-ந்தேதி முதல் அந்த ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். பெயர் மட்டும் அப்படியே நிற்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் போர்டில் 'அரசு' என்று இருக்கும். இரண்டுமே அரசு பள்ளிகள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 6, 7, 8 ஆகிய 3 வகுப்புகளும் இரண்டு பக்கமும் வருகின்றன. நடுநிலைப் பள்ளியிலும் இருக்கிறது, உயர்நிலைப் பள்ளியிலும் இருக்கிறது. குழப்பம் எல்லாம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

தொடக்கப் பள்ளி பிள்ளை 5-ம் வகுப்பு முடித்ததும் டி.சி. வாங்க வேண்டும். நடுநிலைப் பள்ளி பிள்ளை 8-ம் வகுப்பு முடித்து டி.சி. வாங்க வேண்டும். டி.சி. வாங்கும் இடம்தான் பிள்ளைகள் நழுவும் இடம்.

சின்ன பள்ளிகள் வந்த கதை

கரிசல் காட்டில் ஊர்கள் தள்ளித்தள்ளி இருக்கும். நடுவில் பருத்தி, உளுந்து, கம்பு, சோளம் என மானாவாரி காடுதான். சின்ன பிள்ளையை பக்கத்து ஊருக்கு நடக்க வைக்க முடியாது. எனவே ஊருக்கு ஊர் தொடக்கப் பள்ளி தேவைப்பட்டது.

1953-ல் ராஜாஜி அரை நேர பள்ளி திட்டத்தை கொண்டு வந்தார். கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் முதல்-அமைச்சர் ஆன காமராஜர் அதை கைவிட்டார். அவர் காலத்தில் கிராமங்களில் பள்ளிகள் பெருகின. 1956-ல் மதிய உணவு திட்டம் நம்ம பக்கத்து எட்டயபுரத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது என்பது இந்த வட்டாரத்துக்கு பெருமை.

கோவில்பட்டி அருகே உள்ள இடைசெவலில் இருப்பது ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. எழுத்தாளர் கி.ராஜநாராயணன் படித்த பள்ளி இது. அவர் 2021 மே மாதம் காலமானபோது, அந்த பள்ளியை பழமை மாறாமல் புதுப்பிப்போம் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒரு ஊருக்கு பள்ளிக்கூடம் என்பது கட்டிடம் மட்டும் அல்ல என்பதற்கு இது ஒரு சாட்சி.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாய கல்வி உரிமை சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந்தேதி அமலுக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 8-ம் வகுப்பு வரை இலவச கல்வி கொடுக்க வேண்டியது அரசின் கடமை. தமிழக அரசின் 2011-ம் ஆண்டு விதிகளின்படி 1 முதல் 5 வரை 1 கிலோ மீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோ மீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும்.

அதாவது, சட்டத்தின் பார்வையில் 1 முதல் 8 வரை ஒரே துண்டு. ஆனால் ஊரில் இருக்கும் பள்ளியோ 5-ல் நின்று விடுகிறது. இதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 5-வது பிரிவின்படி, 8-ம் வகுப்பு வரை வசதி இல்லாத பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வேறு பள்ளிக்கு மாறும் உரிமை உண்டு. கேட்ட உடனே டி.சி. கொடுக்க வேண்டும். டி.சி. தாமதம் என்று சொல்லி புது பள்ளியில் சேர்க்க மறுக்கவும் கூடாது.

9-ம் வகுப்புக்கு இந்த சட்ட பாதுகாப்பு இல்லை. 2009-ல் வந்த மத்திய அரசின் இடைநிலை கல்வி திட்டம் 5 கிலோ மீட்டருக்குள் உயர்நிலைப் பள்ளி என்று இலக்கு வைத்தது. ஆனால் இலக்கு வேறு, உரிமை வேறு.

2 வாத்தியார், 5 வகுப்பு

ஆசிரியர் எண்ணிக்கைக்கும் கணக்கு உண்டு. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர்.

இப்போது ஒரு ஊரை எடுத்துக் கொள்வோம். 5 வகுப்பும் சேர்த்து 22 பிள்ளைகள். ஆசிரியர் 2 பேர். ஒருவருக்கு 2 வகுப்பு, இன்னொருவருக்கு 3 வகுப்பு. அதில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவருக்கு மீட்டிங், ரெஜிஸ்டர், சத்துணவு கணக்கு எல்லாம் இருக்கும். அவர் வெளியே போனால் 5 வகுப்பும் ஒருவர் கையில்தான்.

இதை சமாளிக்கத்தான் பல வகுப்பு பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்து கற்பிக்கும் முறைகள் வந்தன. 2007-ல் மாநிலம் முழுவதும் 'செயல்வழிக் கற்றல்' அட்டைகள் வந்தன. 2022-ல் 1 முதல் 3 வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிறகு 4, 5-ம் வகுப்புகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

6 முதல் 8 வரை கணக்கு வேறு. வகுப்புக்கு ஒரு ஆசிரியராவது வேண்டும். அறிவியல்-கணிதம், சமூக அறிவியல், மொழி என பாடம் தெரிந்தவர்கள் வேண்டும். எனவே தொடக்கப் பள்ளியை நடுநிலைப் பள்ளி ஆக்க, போர்டை மாற்றினால் மட்டும் போதாது. பட்டதாரி ஆசிரியர் பணியிடமும் வர வேண்டும். வகுப்பறையும் வேண்டும். 6-ம் வகுப்பில் 4 பிள்ளைதான் சேரும் என்றால் அரசு யோசிக்கும்.

பிள்ளைகள் எங்கே போனார்கள்? முதல் காரணம், பிறப்பு குறைந்து விட்டது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்கு சராசரி 1.8 குழந்தைதான். இரண்டாவது, இங்கிலீஷ் மீடியம் ஆசை. காலையில் தனியார் பள்ளி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கிறது. மூன்றாவது, மழை பொய்த்தால் திருப்பூர், கோவை, சென்னை என்று குடும்பத்தோடு போய் விடுகிறார்கள்.

'தரம் உயர்வு' என்றால் என்ன?

"எங்க ஊரு ஸ்கூலை ஹைஸ்கூல் ஆக்குங்க" என்று மனு கொடுக்காத ஊரே கிடையாது. ஆனால் நடுநிலைப் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆனால் என்ன நடக்கும் என்பது பலருக்கு தெரியாது.

6, 7, 8-ம் வகுப்புகள் புது உயர்நிலைப் பள்ளிக்கு போய் விடும். 9, 10-ம் வகுப்புகள் சேரும். மிச்சம் இருக்கும் 1 முதல் 5 வரை தனியாக பிரிக்கப்பட்டு தொடக்கப் பள்ளி ஆகி விடும். ஆபீஸ் பாஷையில் இதற்கு 'நிலை இறக்கம்' என்று பெயர். ஒரே காம்பவுண்டில் 2 போர்டு வந்த கதை இதுதான்.

லாபம் என்ன? 10-ம் வகுப்பு வரை உள்ளூரிலேயே படிக்கலாம். 8-ம் வகுப்போடு பெண் பிள்ளையை நிறுத்தும் வீடுகளுக்கு இது பெரிய மாற்றம். நஷ்டம் என்ன? தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர் மட்டும் மிஞ்சலாம். கட்டிடம், மைதானம், கழிப்பறையை யார் பார்ப்பது என்று 2 பள்ளிக்கும் இழுபறி வரலாம்.

இணைப்பு என்றால் ஏன் பயம்?

2019-ல் பிள்ளைகளே இல்லாத 46 பள்ளிகள் தமிழ்நாட்டில் மூடப்பட்டு நூலகம் ஆக்கப்பட்டன. அதே ஆண்டு, பக்கத்தில் உள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை மேல்நிலைப் பள்ளி தலைமை ஆசிரியரின் கண்காணிப்பில் கொண்டு வர அரசு உத்தரவிட்டது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. சின்ன பள்ளிகளை மூடுவதற்கு இது முதல் படி என்பது அவர்கள் வாதம்.

பக்கத்து ஆந்திராவில் 2022-ல் 3, 4, 5-ம் வகுப்புகளை தொடக்கப் பள்ளியில் இருந்து பிரித்து 1 கிலோ மீட்டருக்குள் உள்ள உயர்நிலைப் பள்ளியோடு சேர்த்தார்கள். பாட வாரியாக ஆசிரியர் கிடைப்பார்கள் என்றது அரசு. 8 வயது பிள்ளை மெயின் ரோட்டை கடந்து போவதா என்று பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். ஆட்சி மாறிய பிறகு 2025-ல் அந்த உத்தரவு வாபஸ் ஆனது. 2025 ஜூன் மாதம் உத்தரப்பிரதேசத்திலும் குறைவான பிள்ளைகள் உள்ள பள்ளிகளை இணைக்கும் உத்தரவு கோர்ட்டு வரை போனது.

இணைப்பை ஆதரிப்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 20 பிள்ளைக்கு 2 ஆசிரியர் என்று 5 பள்ளி நடத்துவதை விட, 100 பிள்ளைக்கு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று ஒரு பள்ளி நடத்தலாம். விளையாட்டு, லேப், நூலகம் எல்லாம் கிடைக்கும். ஆனால் அதற்கு காலை, மாலை வண்டி வர வேண்டும். வண்டி ஒரு நாள் வராவிட்டால் பிள்ளை வீட்டில்தான்.

5-ல் மாற்றுவது நல்லதா, 8-ல் மாற்றுவது நல்லதா என்ற விவாதம் அமெரிக்காவிலும் உண்டு. நியூயார்க் நகர பள்ளிகளை வைத்து 2010-ல் வெளியான ஒரு ஆய்வு, நடுவில் பள்ளி மாறிய பிள்ளைகள், 8-ம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகளை விட மார்க்கில் பின் தங்கியதாக கண்டது. நம்ம ஊர் நடுநிலைப் பள்ளி முறை அவ்வளவு மோசம் இல்லை என்று அர்த்தம்.

கீழேயும் வகுப்பு கூடுகிறது

மேலே மட்டும் அல்ல, கீழேயும் மாற்றம் வந்தது. 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2 ஆயிரத்து 381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை அங்கே மாற்றியதால் எதிர்ப்பு வந்தது. 2022 ஜூனில் இந்த வகுப்புகள் நிறுத்தப்படும் என்ற தகவல் வந்தது. பெற்றோர்களிடம் இருந்து எதிர்ப்பு கிளம்பியதும், தொடரும் என்று அரசு அறிவித்தது.

மத்திய அரசின் 2020 தேசிய கல்விக் கொள்கை 5+3+3+4 என்று புது கணக்கு போட்டது. 3 வயதில் தொடங்கி 2-ம் வகுப்பு வரை முதல் கட்டம். 3 முதல் 5 வரை அடுத்தது. பிறகு 6 முதல் 8, 9 முதல் 12. தமிழக அரசு இதை ஏற்கவில்லை. நீதிபதி முருகேசன் தலைமையில் குழு அமைத்து, 2025 ஆகஸ்டில் மாநில கல்விக் கொள்கையை வெளியிட்டது. 5, 8-ம் வகுப்புகளுக்கு பொதுத்தேர்வு என்று 2019-ல் வந்த உத்தரவும் எதிர்ப்பு காரணமாக 2020 பிப்ரவரியில் ரத்தானது.

தீப்பெட்டி ஆபீசும் 6-ம் வகுப்பும்

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்துக்கு இந்த விஷயம் மற்ற ஊர்களை விட முக்கியம். ஒரு காலத்தில் இங்கே பள்ளிக்கு போகாத பிள்ளை எங்கே இருக்கும் என்று கேட்கவே வேண்டாம். தீப்பெட்டி வேலையில்தான் இருக்கும். சிவகாசி குழந்தை தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. 2016 சட்ட திருத்தம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை தடை செய்தது.

சட்டம் ஒரு பக்கம். பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருந்ததும், மதியம் சோறு போட்டதும் இன்னொரு பக்கம். 10 வயது பெண் பிள்ளைக்கு பஸ் கிடையாது, துணைக்கு ஆள் கிடையாது என்றால், "வீட்ல இருந்து தம்பிய பாத்துக்கோ" என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? வகுப்பு கணக்கை மாற்றும்போது அதிகாரிகள் முதலில் பார்க்க வேண்டியது இந்த பெண் பிள்ளையைத்தான்.

சாப்பாட்டிலும் ஒரு வித்தியாசம் உண்டு. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு திட்டம் 1 முதல் 5 வரைதான் என்று வகுக்கப்பட்டது. 6-ம் வகுப்பு போகும் பிள்ளை சீக்கிரமே பஸ் பிடிக்க வேண்டும், ஆனால் காலை டிபன் பள்ளியில் கிடையாது என்ற நிலை அதனால் வந்தது.

6-ல் எங்கே சேர்க்கிறீர்கள்?

6-ம் வகுப்பில் எடுக்கும் முடிவு பிளஸ்-2 முடித்த பிறகுதான் வேலையை காட்டும். 2020-ல் வந்த சட்டப்படி மருத்துவ படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற, 6 முதல் 12 வரை அரசு பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-ல் என்ஜினீயரிங் போன்ற படிப்புகளுக்கும் இது வந்தது. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி சேரும். கல்லூரி மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 என்று 2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்துக்கும் 6-ம் வகுப்பில் இருந்துதான் கணக்கு.

"ரெண்டு வருஷம் மட்டும் பிரைவேட்ல படிக்கட்டும், அப்புறம் கவர்மெண்டுக்கு மாத்திக்கலாம்" என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறை யோசித்துக் கொள்வது நல்லது.

பெற்றோர் என்ன செய்யலாம்?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோர், பாதி பேர் பெண்கள் என்பது சட்டம். கூட்டத்துக்கு போய் கையெழுத்து போட்டு விட்டு வரக்கூடாது. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், 6-ம் வகுப்பு எத்தனை கிலோ மீட்டர் தூரத்தில் என்று எழுதி தீர்மானம் போடலாம். அதையே கிராம சபையிலும் வைக்கலாம். தரம் உயர்வு கேட்பதாக இருந்தால், பிரிந்து நிற்கப்போகும் தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று அதே மனுவில் கேட்க வேண்டும். 3 கிலோ மீட்டருக்குள் 6-ம் வகுப்பு இல்லை என்றால் வண்டி வசதி கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, 5-ம் வகுப்பு முடித்த பிள்ளை ஜூன் மாதம் இன்னொரு பள்ளியில் உட்கார்ந்து விட்டதா என்று பார்ப்பது பழைய பள்ளி, புது பள்ளி, பெற்றோர் மூன்று பேரின் பொறுப்பு. டி.சி. கையில் இருந்து, பிள்ளை வீட்டில் இருந்தால், எந்த கணக்கு போட்டும் பிரயோஜனம் இல்லை.