குழித்தறியும் கார்த்திகை மழையும்

ஆரணியில் விடிந்ததும் வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் அரிசி ஆலைக்காரர். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டிப் பரப்பியிருப்பார்; அவருக்குச் சுள்ளென்று வெயில் அடிக்க வேண்டும். இன்னொருவர் பட்டு நெசவாளர். அவருக்கு அந்த வெயில் ஆகாது. காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் இழை அறாமல் ஓடும். ஆரணி அரிசியும் ஆரணிப் பட்டும் ஒரே ஊரின் பெயரைச் சுமந்து வெளியூர் போகின்றன, ஆனால் அவை கேட்கும் வானிலை வேறு வேறு. இருவரும் ஒன்றுபோல் அஞ்சுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குத்தான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில் இருக்கிறது ஆரணி. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார ஊர்களிலும் தறிச் சத்தம் கேட்கும். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் இந்தப் பகுதியில் சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை. தென்மேற்குப் பருவத்தில் மாலை நேரத்து இடிமழையாகக் கொஞ்சம், வடகிழக்குப் பருவத்தில் நாள்கணக்கில் விடாமல் கொஞ்சம் என்று அது பிரிந்து விழுகிறது.

முதலில் நூல் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், அங்கேயே தட்பவெப்பத்தின் கை தெரியும். பட்டுப்புழு நன்றாக வளர 24 முதல் 28 டிகிரி வரை வெப்பமும், 70 சதவீதத்துக்கு மேல் காற்றீரமும் வேண்டும். ஆரணியின் கோடை அதற்குத் தோதுப்படாது. அதனால் மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூட்டுச் சந்தையும் கர்நாடகத்துப் பீடபூமியிலும், தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து மேட்டு நிலத்திலும் தழைத்தன. குளிர்ந்த ஊரில் பிறந்த பட்டை, வெயில் ஊரில் உட்கார்ந்து நெய்கிறார்கள். நெசவாளரின் பாதிச் சிரமம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பட்டு ஈரத்தை விரும்பும் இழை. தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நீராவியை உறிஞ்சிக்கொண்ட பிறகும், தொட்டுப் பார்த்தால் நனைந்ததாகத் தெரியாது. இந்தக் குணம் வியாபாரத்தில் பெரிய வழக்குகளைக் கிளப்பியிருக்கிறது. மழை நாளில் எடைபோட்டு விற்ற பட்டு, வெயில் நாளில் எடை குறைந்து நிற்கும். பிரான்சின் லியோன் நகரில் இந்தத் தகராறைத் தீர்ப்பதற்காகவே 1805இல், பட்டின் ஈரத்தை அளந்து எடைக்குச் சான்று கொடுக்கும் நிலையம் ஒன்றை அரசு ஆணையால் நிறுவினார்கள். உலர்ந்த பட்டின் எடையோடு 11 சதவீத ஈரம் சேர்த்துக் கணக்கிடலாம் என்பது இன்றைக்கும் உலக வர்த்தகத்தில் உள்ள வழக்கம்.

காற்று வறண்டால் இழை விறைத்து, உரசலில் சிலிர்த்து, எளிதாக அறுந்துவிடும். அறுந்த ஒவ்வோர் இழையையும் தேடிப் பிணைக்க வேண்டும். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். அதில் ஒன்று விடுபட்டாலும் சேலையின் முழு நீளத்துக்கும் கீறல் விழும். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் பருத்தி இழை அறாமலிருக்கக் கூடத்துக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். அது தொழிலாளர்களின் உடம்பைக் கெடுத்ததால் அந்த ஈரத்துக்கு வரம்பு கட்ட 1889இல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஆரணியின் நெசவாளர்களுக்கு அந்த வேலையை நீராவி இல்லாமலே செய்து கொடுத்தது மண். வீட்டுத் தரையில் குழி வெட்டி, அதில் கால்களை இறக்கி, மிதியை மிதித்து நெய்யும் குழித்தறியில் பாவு தரையை ஒட்டியே கிடக்கும். மண்ணிலிருந்து கசியும் குளுமை இழையையும் காப்பாற்றும், நெய்கிறவரின் கால்களையும் காப்பாற்றும். ஓட்டு வீடும் மண்தரையும் அதற்கு ஒத்தாசை.

அந்த வீடுகள் இப்போது குறைந்து வருகின்றன. காங்கிரீட் கூரை மழைக்கு நல்லது. கோடை இரவிலோ பகல் வெப்பத்தை உள்ளேயே தேக்கி வைத்துக்கொள்கிறது. விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் உடம்புக்குச் சுகம், ஆனால் பாவு உலர்ந்துபோகும். அக்கினி நட்சத்திரத்தில் தறிக்காரர் எந்த நேரத்தில் தறியில் இறங்குவது என்பதை இந்த இழுபறிதான் முடிவு செய்கிறது. விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறுமுன் எழுந்துவிட வேண்டும், சாயங்காலம் மறுபடியும் உட்கார வேண்டும். சமையல், தூக்கம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அந்த நேரத்தையொட்டியே நகர்கின்றன. ஏனென்றால் தறி இருப்பது வீட்டுக்குள். நெய்கிறவர் ஒருவராக இருந்தாலும் குறுக்கு நூலைத் தாராகச் சுற்றுவதற்கும் நூலைப் பிரிப்பதற்கும் வீட்டிலுள்ள பெண்களின் கை வேண்டும். அந்த உழைப்பு பெரும்பாலும் கூலிக் கணக்கில் தனியாக வருவதே இல்லை.

பாவு நீட்டுவது மட்டும் தெருவில் நடக்கிற வேலை. ஒரு சேலையே 6 மீட்டர் போகும். ஒரு பாவில் சில சேலைகள் வரும் என்றால், அதை விரித்துக் கட்ட வீட்டுக்குள் இடம் ஏது? ஆகவே தெருவே பட்டறை. வெயில் சூடேறுமுன், காற்று எழும்புமுன், இரண்டு முனைகளிலும் இழுத்துக் கட்டி, இழைகளைப் பிரித்து, அரிசிக் கஞ்சி கொடுத்து, காய்ந்ததும் சுருட்டி எடுத்துவிட வேண்டும். ஆலைக்காரரின் அரிசியும் தறிக்காரரின் பட்டும் சந்தித்துக்கொள்ளும் இடம் இது. வெயில் அதிகமானால் கஞ்சி முறுகும், தூறல் விழுந்தால் பாவே கெடும். அம்மியையும் பறக்கவைக்கும் ஆடிக்காற்றில் பாவு நீட்டுவது எவ்வளவு பெரிய போராட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடியில் இன்னொரு கஷ்டமும் உண்டு. கல்யாணம் இல்லாத மாதம் அது. பட்டுக்குக் கிராக்கி குறைவு. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கியதும், பின்னாலேயே தீபாவளி வந்துவிடும். அதைத் தாண்டினால் தை மாதத்துக் கல்யாணங்கள். தையில் மணப்பெண் உடுத்தும் சேலை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தறியில் ஏறியிருக்க வேண்டும். பட்டின் வரலாற்றிலேயே வாங்குகிறவர்களின் கண்ணுக்குப் படாத முடிச்சு இதுதான் என்று சொல்லலாம்: தேவை உச்சத்துக்குப் போகும் மாதங்களும், நெய்ய முடியாத மாதங்களும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

கார்த்திகை மழையில் தறிக்கு என்ன ஆகிறது? தாழ்வான வீடுகளில் குழிக்குள் தண்ணீர் ஊறுகிறது. இறைத்தாலும் மறுபடி ஊறும். மரச்சட்டங்கள் ஊதி இறுகுகின்றன. சேலையின் பூவேலையைத் தீர்மானிக்கும் ஜக்கார்டு பெட்டியின் அட்டைகள் ஈரத்தில் வளைந்தால் புட்டா மாறி விழும். கஞ்சி போட்ட இழைகள் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டும். சாயப்பட்டறையில் நனைத்த நூல் காய நாளாகும். வெள்ளி கலந்த சரிகையோ ஈரக்காற்றில் கறுக்கத் தொடங்கும். கோடையில் ஈரத்துக்கு ஏங்கிய அதே தறி, இப்போது அதில் மூழ்கிக் கிடக்கிறது. மார்கழிப் பனி வந்து, வெயில் இதமாகத் திரும்பிய பிறகுதான் வேலை சீராகும். நெசவுக்கு ஆண்டின் மிக நல்ல நாட்கள் மார்கழியிலிருந்து மாசி வரை.

கூலியோ சேலைக் கணக்கு. தறி நின்ற நாளுக்குக் காசு இல்லை.

மழையின் போக்கும் முன்புபோல் இல்லை. 2020 நவம்பரில் நிவர் புயல் புதுச்சேரி அருகே கரையேறி வடமாவட்டங்களின் உட்பகுதிக்கு வந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டது. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த மறுநாள், இதே மாவட்டத்தின் தலைநகரான திருவண்ணாமலையில் மண்சரிவு வீடுகள் மேல் விழுந்து 7 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் பெய்ய வேண்டியது ஒரே இரவில் கொட்டினால், மண்ணில் வெட்டிய குழி எப்படித் தாங்கும்?

குழி வேண்டாத, தரைக்கு மேலே சட்டம் நிற்கும் தறிகளுக்கு மாறலாம் என்கிறார்கள். மழைக்கு அது சரியான தீர்வுதான். ஆனால் மண்ணின் குளுமையை விட்டு மேலே வந்த பாவு கோடையில் வறளும். அப்போது கூடத்தில் ஈரம் காக்க வேறு ஏற்பாடு வேண்டும். பழைய குழியின் ஓரங்களையும் அடியையும் நீர் ஊறாதபடி பூசுவது செலவு குறைந்த வழி. தறி போடும் அறையை வீட்டைவிட உயரமான தரையில் கட்டிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஒரு பொருளின் தரத்துக்கு அது பிறந்த இடமே காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ளும் முத்திரை அது. இடம் என்றால் அதன் மழையும் அதில் அடங்கும். மீன்பிடித் தடையுள்ள 61 நாட்களுக்குத் தமிழக அரசு கடலோரக் குடும்பங்களுக்கு நிவாரணம் தருகிறது. உப்பளத் தொழிலாளர்களுக்கும் மழைக்காலத்துக்காக 5,000 ரூபாய் கொடுக்கும் திட்டம் வந்துவிட்டது. தன் கையில் இல்லாத காரணத்தால் வேலை நிற்கும்போது அந்த நட்டத்தைத் தொழிலாளி தனியாகச் சுமக்கக் கூடாது என்பதே இரண்டுக்கும் அடிப்படை. குழித்தறிக்காரர்களுக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு அதே நிவாரணம் வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு: தைக் கல்யாணத்துக்குப் பட்டெடுக்கப் போகிறவர்கள் ஆவணியிலேயே சொல்லிவைத்தால், மழைக்கு முன்பே பாவு தறியில் ஏறிவிடும்.