பேச்சுப் பயிற்சிக்கு முதன்முறை போகும் முன்

இரண்டு வயது கடந்தும் பிள்ளை இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லையா? "அவன் வாப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம் என்பதே நம்மிடம் வரும் பெற்றோருக்கு நாங்கள் சொல்வது.

பயிற்சியாளர் முதலில் விசாரிப்பது காதைப் பற்றித்தான். கூப்பிட்டால் திரும்புகிற பிள்ளைக்கும் சில ஓசைகள் கேளாதிருக்கலாம். அது தெரியாமல் போனால் மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்தும் பலன் குறைவு. செவித்திறன் பரிசோதனை ரிப்போர்ட் இருந்தால் அதையும், பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

அதற்கு முந்தைய வாரம், பிள்ளை சொல்லும் சொற்களை அப்படியே ஒரு நோட்டில் எழுதுங்கள். தண்ணீருக்கு 'ண்ணி' என்றால் அதுவும் சொல்தான். கைகாட்டிக் கேட்பதையும் குறியுங்கள். புது இடத்தில் பல பிள்ளைகள் உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்து வாயே திறப்பதில்லை. வீட்டில் விளையாடும்போது போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். நாள் முழுக்க உடனிருப்பது நன்னி என்றால் அவரும் வரட்டும்.

உருதும் தமிழும் கலந்து பேசுவதால்தான் தாமதம் என்பார்கள். அது சரியல்ல. இரு மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ணுங்கள்.

பிள்ளை தூங்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள். அங்கே பெரும்பாலும் விளையாட்டும் கேள்விகளும்தான். ஊசி கிடையாது என்று பிள்ளையிடமும் சொல்லிவையுங்கள். அரசு மருத்துவமனை வளாகங்களில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் இதற்குக் கட்டணம் இல்லை.